பாபின் கிடைக்குமா? கறுப்பு சிங்கர், புது மெஷின், பின்னல் மெஷின்: எதை வீட்டுக்குள் விடலாம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்கு இந்தக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். இந்த வருஷம் மூன்று பேர் கேட்டார்கள். பாயான் லெப்பாஸில் பத்தாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு, ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இடம். புதுசா பழசா என்று தெரியவில்லை. சுங்கை பட்டாணியில் தரை வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பெரியம்மாவின் மிதி மெஷின் வரப்போகிறது. எடுத்துக்கொள்வதா, விற்பதா என்று குழப்பம். மூன்றாமவர் இணையத்தில் யாரோ விற்கும் ஜப்பான் பின்னல் மெஷினின் படத்தை அனுப்பி, "அக்கா, இந்த விலைக்கு லாபமா?" என்றார்.

என் வீட்டில் பதினோரு மெஷின் இருக்கின்றன. வீட்டுக்காரர் பன்னிரண்டு என்கிறார். கட்டிலுக்கடியில் தலை மட்டும் கிடப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி பாபின், அதாவது கீழ்நூலைச் சுற்றி மெஷினுக்குள் வைக்கும் சின்ன உருளை, கிடைக்குமா என்பதுதான். விலை, அழகு, வயது எல்லாம் அப்புறம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தை இருக்கிறதே, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கர் 28கே கை மெஷின் ஒன்றைப் பார்த்தேன். வளைந்த மரமூடி, பூட்டு, சாவி எல்லாம் இருந்தது. தங்கப் பூவேலை பாதி தேய்ந்திருந்தாலும் சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. "போலே குராங்?" (குறைக்க முடியுமா?) என்று கேட்டு 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி முடித்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தேன். வீட்டுக்கு வந்து கீழ்த்தகட்டை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெறுங்கூடு. ஷட்டிலே இல்லை. இந்த மாடலுக்கு வட்ட பாபின் கிடையாது. துப்பாக்கிக் குண்டு வடிவத்தில், கீழ்நூலை முன்னும் பின்னும் கொண்டுபோகும் ஒரு ஷட்டில், அதற்குள் குச்சி போல ஒரு நீள பாபின். நம் ஊர்க் கடைகளில் யாரிடமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, தபால் செலவோடு 110 வெள்ளியும் ஐந்து வாரமும் ஆனது. மெஷினை விட ஷட்டில் விலை அதிகம்.

அன்றிலிருந்து சந்தைக்குப் போனால் என் பையில் இவை இருக்கும்: 15 வகை பாபின் ஒன்று, 66 வகை பாபின் ஒன்று, ஒரு ஊசி, நூல்கண்டு, ஒரு முழம் காட்டன் துணி, சின்ன டார்ச். விற்பவர் "ஓடும்" என்று சொல்வதற்கும் தையல் விழுவதற்கும் நடுவே நிறைய தூரம் உண்டு.

இரண்டாவது, இடமும் எடையும். இரும்பு மெஷினை அலமாரியில் எடுத்து எடுத்து வைக்க முடியாது. மூன்றாவது, நம் ஊர் ஈரம். பினாங்கில் இரும்புக்கும் ரப்பருக்கும் மரத்துக்கும் ஓய்வே கிடையாது. நான்காவது, பழுது பார்க்க ஆள். ஐந்தாவது, நீங்கள் உண்மையில் எதைத் தைக்கப் போகிறீர்கள். தைக்கவே போவதில்லை, சும்மா வைத்துப் பார்க்கத்தான் என்றால் அதுவும் சரி. ஆனால் அதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும்.

## கறுப்பு சிங்கர்

எல்லாக் கறுப்பு சிங்கரும் ஒன்றல்ல. தூரத்திலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். வயிற்றுக்குள் வேறு வேறு.

15கே வாங்க யோசிக்கவே வேண்டாம். பாபின் இடது பக்கம் செங்குத்தாக, கழற்றக்கூடிய பாபின் கேஸுக்குள் உட்காரும். இந்த 15 வகை பாபினும் கேஸும் இன்றும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். ஊசியும் இன்றைய வீட்டு மெஷின் ஊசியேதான். 66கே, அதன் தம்பி 99கே, பெரியண்ணன் 201கே ஆகிய மூன்றும் 66 வகை பாபின் எடுப்பவை. ஊசித் தட்டுக்கு அருகே பாபின் படுத்துக் கிடக்கும். 15 வகையின் முகம் தட்டை. 66 வகையின் முகம் லேசாகக் குவிந்திருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு "மெஷின் நூலைக் கடிக்கிறது" என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

27, 28, 127, 128 எல்லாம் மேலே சொன்ன குண்டு ஷட்டில் வகை. ஷட்டிலோடு கிடைத்தால் எடுங்கள், அழகான தையல். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நகருங்கள். அதைவிடப் பழைய 12கே, பிடில் வடிவ அடித்தளம் கொண்டது, படகு ஷட்டில் வகை. அதன் ஊசியே இன்றைய ஊசி இல்லை. அது காட்சிக்கு மட்டும்.

சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் வரும் 221, அதாவது ஃபெதர்வெயிட், 1933-ல் வந்தது. 5 கிலோதான். சேகரிப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் தேடுவார்கள், அதனால் விலையும் ஏறிக் கிடக்கிறது. என் கருத்தில் அந்த விலைக்கு இரண்டு 201கே வாங்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று மோட்டாரில் உள்ள தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். 110 வோல்ட் மெஷினை நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகையோடு கதை முடியும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பேருக்குப் பின்னால் வரும் 'கே' என்ற எழுத்து, ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரிலிருந்த கில்போவி ஆலையைக் குறிக்கிறது. 1880களில் எழுந்த அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர். மெஷினின் அடித்தளத்தில் வலது பக்கம் இருக்கும் வரிசை எண் 'ஒய்' என்று தொடங்கினால் 1921 முதல் 1935 வரை அங்கே செய்தது. ஆங்கில 'ஈ'யோடு இன்னொரு எழுத்து சேர்ந்திருந்தால் அதற்குப் பிறகு, 1960களின் தொடக்கம் வரை. விற்பவர் "நூறு வருஷத்து மெஷின்" என்று சொல்லும்போது 'ஈ' என்று எழுதியிருந்தால் மெல்லச் சிரித்துக்கொள்ளலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். நம் வீடுகளில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த அன்று அத்தை, பாட்டி யாரோ சமையலறையிலிருந்து ஊற்றியிருப்பார்கள். வருடங்கள் போனதும் அது பழுப்புப் பிசினாகி அச்சையெல்லாம் ஒட்டவைத்துவிடும். "மெஷின் ஜாம், இரும்பு வெலைக்குக் கொடு" என்று சொல்லப்படும் மெஷின்களில் பாதி இப்படித்தான். நான் செய்வது இது: எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். மறுநாள் சாத்தே குச்சியின் கூர்முனையால் பிசினைச் சுரண்டி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஒரு விரல் அளவுக்கு அசைப்பேன். வலுக்கட்டாயமாகச் சுற்றவே மாட்டேன். மூன்றாம் நாள் காலையில் காபி கையில் இருக்கும்போது 'கிளக்' என்று விடுபடும். அதன் பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்து நிஜ மெஷின் எண்ணெய் விடவேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்து தேயும்.

தங்கப் பூவேலைக்கு மேலே இருப்பது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பூவோடு சேர்ந்து போய்விடும். ஒருமுறை ஒரு துடைப்பில் 'சிங்' போய் 'கர்' மட்டும் மிஞ்சியது. அந்தத் துணியைப் பிடித்திருந்தது யார் என்று சொல்லமாட்டேன். மெஷின் எண்ணெய் தொட்ட துணி போதும்.

மோட்டார் உள்ளதென்றால் ஒயரைப் பாருங்கள். பழைய ரப்பர் உறை தொட்டாலே பொடியாகும். அதை மாற்றும் கூலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மிதி மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குத் தோல் பெல்ட் மழைக்காலத்தில் நீண்டு தொங்கும், ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி கம்பியால் மாட்டினால் ஆயிற்று. மரமேசையைத் திருப்பி, கால் சந்திகளில் கரையான் மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் இரும்புக் காலையும் தலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மேசையை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கை மெஷினாக மாற்ற நினைத்தால் சக்கரத்தில் ஆரங்கள் இருக்கவேண்டும். அடைத்த சக்கரத்தில் கைப்பிடி மாட்டாது.

இது யாருக்கு? ரவிக்கை, பாவாடை, திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிப் பை, கான்வாஸ் என நேர்த்தையல் தைப்பவர்களுக்கு. பைப்பிங் வைத்த ரவிக்கைக் கழுத்தில் ஐந்து மடிப்பு சேரும் இடத்தில் புது மெஷின் திக்கும். 201கே அப்படியே நடந்து போகும். யாருக்கு இல்லை? லெக்கிங்ஸ், டி-சர்ட் தைப்பவர்களுக்கு. சிக்சேக் (இடமும் வலமுமாக வளைந்து போகும் தையல்) கிடையாது, இழுபடும் துணியில் நேர்த்தையல் பட்டென்று அறுந்துவிடும்.

## பட்டர்ஃபிளை, உஷா

சேகரிப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்குச் சுளிப்பு இல்லை. சீனத்துப் பட்டர்ஃபிளை ஜேஏ2-1, கொல்கத்தாவில் 1930களில் தொடங்கிய உஷா, இரண்டின் கறுப்பு மெஷின்களும் 15 வகையின் வழியில் வந்தவைதான். பாபின், ஊசி, கேஸ் எல்லாம் ஒன்றே. தோட்டத்து லயங்களில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரைக்கும் ஓடியவற்றில் இவையும் உண்டு. இரும்பு வார்ப்பு, சிங்கர் அளவுக்கு நயமாக இருக்காது. விலை பாதிக்கும் குறைவு. தைப்பதற்கு மட்டும் என்றால் இதுவே போதும்.

## ஜப்பான் இரும்பு சிக்சேக்

1960, 70களில் வந்த பச்சை, நீல, பழுப்பு நிற இரும்பு மெஷின்கள். பிரதர், ஜனோமே, இன்னும் பெயரே கேள்விப்படாத பட்டைகள் ஒட்டியவை. யாரும் சேகரிக்காததால் மலிவு. ஆனால் நேர்த்தையல், சிக்சேக், பட்டன் ஓட்டை எல்லாம் ஒரே உடம்பில். பெரும்பாலானவை 15 வகை பாபின். நான் தினமும் தைப்பது இப்படி ஒன்றில்தான், அலமாரியில் நிற்கும் அழகிகளில் இல்லை.

ஒரு எச்சரிக்கை: அதே காலத்து, 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த சிங்கர் மாடல்கள் பலவற்றில் நைலான் பல்சக்கரம் வைத்தார்கள். வயதானால் அது விரிசல் விட்டு உடையும். அடித்தகட்டைத் திறந்து, வெள்ளை அல்லது மஞ்சளேறிய பல்சக்கரம் தெரிந்தால் யோசியுங்கள். இரும்புப் பல் மட்டும் என்றால் நிம்மதி. சிக்சேக் நெம்புகோல் அசையாமல் நின்றால் பயப்பட வேண்டாம். அங்கேயும் பழைய எண்ணெய்தான் காரணமாக இருக்கும்.

## புது மெஷின்

ஆறேழு கிலோ. பெட்டியில் வரும், உத்தரவாதம் உண்டு, ஊசியில் தானே நூல் கோக்கும், பட்டன் ஓட்டை ஒரே அழுத்தில். பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதுதான் நல்லது. வேகத்தைக் குறைத்து வைக்கலாம், விரல் தப்பும். ராத்திரி பதினொரு மணிக்குத் தைத்தாலும் கீழ்வீட்டுக்காரர் மேலே வரமாட்டார்.

மறைந்திருக்கும் செலவு சர்க்யூட் போர்டு. நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு இடி இடிக்காத நாள்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு மின்னல் போதும். என் அக்கா மகளின் கணினி மெஷின் அப்படித்தான் ஒரு மாலையில் ஊமையானது. போர்டு விலையைக் கேட்டதும் புதுசே வாங்கிவிட்டாள். தைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடும் பழக்கம் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். மாடல் நின்ற சில வருடங்களில் போர்டும் நின்றுவிடும். அதனால் கணினி மெஷினைத் தைக்க வாங்கலாம், சேகரிக்க வாங்கக் கூடாது. திருகு பொத்தான் வைத்த சாதாரண சிக்சேக் மாடல் என்றால் போர்டுத் தொல்லை பெரிதாக இல்லை.

இதிலும் பாபின் கதை உண்டு. பிரதர் வீட்டு மெஷின்கள் பலவற்றுக்கு 11.5 மில்லிமீட்டர் உயர பிளாஸ்டிக் பாபின். பாட்டியின் இரும்பு பாபினைப் போட்டால் நூல் சிக்கும்.

## ஃபேக்டரி மெஷின்

மூடிய தையல் ஆலைகளிலிருந்து வருபவை சில நேரம் ஆச்சரியமான விலைக்குக் கிடைக்கும். ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரியானது நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடும், நேர்த்தையல் மட்டும். ஊசியும் வேறு, உருண்டைத் தண்டு டிபி×1. நாலடி மேசை, கீழே எண்ணெய்த் தொட்டி, பழைய கிளட்ச் மோட்டார் என்றால் ஓயாத உறுமல். கூலிக்குத் தைப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை; மோட்டாரை மட்டும், மிதிக்கும்போது மட்டுமே ஓடும் செர்வோவாக மாற்றிவிடுங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் லிஃப்டின் அகலத்தை அளந்துவிட்டு மேலே படியுங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | பாபினும் ஊசியும் | இடம் | மறைசெலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| சிங்கர் 15கே | எங்கும் கிடைக்கும் | நிரந்தர மேசை | பிசின், ஒயர் | முதல் பழைய மெஷின் |
| சிங்கர் 66, 99, 201 | கிடைக்கும், கேட்டு வாங்கணும் | 99 சிறியது, மற்றவை மேசை | ஒயர் | ரவிக்கை, கனத்த துணி |
| சிங்கர் 28, 128 | ஊசி கிடைக்கும். ஷட்டில் வெளிநாடு | கைமெஷின், மூடியோடு | ஷட்டில் | முழுசாக இருந்தால் மட்டும் |
| பட்டர்ஃபிளை, உஷா | எங்கும் | மேசை | குறைவு | கையில் காசு குறைவு |
| ஜப்பான் சிக்சேக் | பெரும்பாலும் எளிது | கனமான பெட்டி | பழைய எண்ணெய் | தினசரித் தையல் |
| புது மெஷின் | மாடலைப் பார்த்து | அலமாரி | போர்டு, மின்னல் | ஃப்ளாட், பிள்ளைகள், இழுபடும் துணி |
| ஃபேக்டரி | தனி ஊசி | நாலடி மேசை | மோட்டார், தூக்குக் கூலி | கூலித் தையல் |

## பின்னல் மெஷின்

முதலில் எல்லோரும் கேட்பதைக் கேட்டுவிடலாம்: இந்த வெயிலில் யார் ஸ்வெட்டர் போடுவது? யாரும் இல்லை. ஆனால் காட்டன் நூலில் சால்வை, குழந்தைப் போர்வை, கேமரன் மலைக்குப் போக ஒரு மெல்லிய மேல்சட்டை பின்னலாம். நூல்கண்டுக் கடையில் கிடைப்பதில் பாதி அக்ரிலிக். அது மெஷினில் வழுக்கிக்கொண்டு நன்றாக ஓடும், உடம்பில் கொதிக்கும்.

சந்தையில் வருபவை பெரும்பாலும் ஜப்பான் பிரதர். அந்தக் கம்பெனி பின்னல் மெஷின் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. கேஎச்-868 மாதிரியானது 200 ஊசி, ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர். ஊசி வரிசை மட்டும் 90 சென்டிமீட்டர். ஓரங்களையும் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் மேசை வேண்டும். துளையிட்ட அட்டையைச் செருகினால் 24 ஊசிக்கு ஒருமுறை திரும்பும் டிசைன் வரும். சில்வர் ரீட் எஸ்கே280-ம் இதே அளவு, இதே அட்டை. அதே கம்பெனியின் எல்கே150 பிளாஸ்டிக் உடம்பு, 150 ஊசி, 6.5 மில்லிமீட்டர் இடைவெளி, தடித்த நூலுக்கு. கற்றுக்கொள்ள அதுவே லேசு.

தையல் மெஷினுக்குப் பாபின் மாதிரி இதற்கு ஸ்பாஞ்ச் பார். ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் நீண்ட தகட்டுக்குள் ஒரு நுரைப் பட்டை இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது தட்டையாகி, பிசுபிசுவென்று கறுத்துவிடும். அப்போது ஊசிகள் எழும்பி நின்று, அவற்றின் மேல் இடவலமாக ஓடும் வண்டி முட்டும், கொக்கிகள் வளையும். விற்பவர் "கொஞ்சம் டைட்டாதான் ஓடும்" என்று சொன்னால் பக்கவாட்டில் அந்தத் தகட்டை உருவிப் பாருங்கள். நுரை பஞ்சு மாதிரி எழும்பி நிற்கவேண்டும். செத்துப்போனதென்றால் புதுசு வாங்கலாம், அல்லது பழைய நுரையைப் பிய்த்து அதே கனத்தில் புதுசு ஒட்டலாம். இது மலிவு வேலை. ஊசித் தாழ்கள் துருப்பிடித்திருப்பதுதான் காசைக் கரைக்கும். ஊசி தனித்தனியாகத்தான் வாங்கவேண்டும், 200 இருக்கிறதே.

கேஎச்-930, 940 போன்ற மின்னணு மாடல்கள் டிசைனை எந்த அகலத்திலும் போடும். பழைய ஃப்ளாப்பி டிரைவ் காலத்தவை. இன்று அயாப் என்ற திறந்த மூலத் திட்டத்தின் போர்டை மாட்டி, கணினியிலிருந்தே படம் அனுப்பிப் பின்னுகிறார்கள். சால்டரிங் இரும்பைப் பார்த்துப் பயப்படாதவர்களுக்குச் சொர்க்கம். மற்றவர்கள் துளை அட்டையோடு நில்லுங்கள். அதில் எரிந்து போக எதுவுமில்லை.

## சரி, மூவருக்கும்

பாயான் லெப்பாஸ் தங்கச்சிக்கு: திருகு பொத்தான் வைத்த புது சிக்சேக் மெஷின். அதை எடுத்து எடுத்து வைத்து ஒரு வருஷம் தைத்த பிறகும் கறுப்பு மெஷின் கனவில் வந்தால் 99கே பாருங்கள். மூடியோடு ஓரத்தில் உட்காரும். பிளாஸ்டிக் உறை மட்டும் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய வேட்டி போதும்.

பின்னல் மெஷின் கேட்டவருக்கு: படத்தில் வண்டி இருக்கிறது, எடைக் கட்டைகள் இருக்கின்றன, ஆனால் நூல் தாங்கும் கம்பி இல்லை, அட்டையும் தெரியவில்லை. அதைக் கேளுங்கள். ஸ்பாஞ்ச் பாரை உருவி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அந்த விலைக்கு லாபம் இல்லை.

சுங்கை பட்டாணிக்காரருக்கு: எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பாபின் இடது பக்கம் நிற்கிறது, 15கே. லாரிக்காரரிடம் தலையைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள். மேசையோடு சேர்த்து ஏற்றினால் கீல் உடையும். அப்புறம் முக்கியமானது, மேசையின் இழுப்பறைகளைப் பெரியம்மா காலி செய்வதற்கு முன்னால் போய்விடுங்கள். மடிப்பு வைக்கும் பாதம், சுருக்கம் வைக்கும் பாதம் எல்லாம் ஒரு பச்சை அட்டைப்பெட்டியில் இருந்தாலும் இருக்கும். அடியில், பட்டன்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவே, ஏதோ ஒரு கல்யாணத்துச் சிவப்பு நூல் பாதி சுற்றியபடியே பாபின்கள் கிடக்கும்.